வெட்டினவளுக்குத் தலை

எங்கள் கிட்டங்கி முடுக்கில் ஒரு வார்த்தை விழுந்து கிடந்ததைப் பற்றி அங்கே குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அப்படி ஒன்று விழவே இல்லை என்பார்கள், விழுந்திருந்தாலும் அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள், செய்திருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டது தாங்கள்தான் என்பார்கள். அதனால் நானே சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தூத்துக்குடியில் பழைய உப்புக் கிட்டங்கிகளின் முதுகுக்குப் பின்னால், ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற ஆடு பின்னோக்கி நடக்க வேண்டிய அகலத்தில் அந்த முடுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு வீடு, ஏழும் புறம்போக்கு, ஒன்றுக்கும் பட்டா கிடையாது. முடுக்கு போய் முட்டுகிற இடத்தில் எட்டாவதாக என் வீடு. அதற்குப் பட்டா உண்டு, இரும்புக் கேட் உண்டு, வாசலில் ஒரு வேம்பின் நிழலும் உண்டு. என் வீட்டுக்காரர் வின்சென்ட் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், மலிவு என்று சொன்னால் எதையும் வாங்கிவிடுகிற மனுஷர், அப்படித்தான் இந்த இடத்தையும் வாங்கி, கான்வென்டில் படித்த என்னைக் கொண்டுவந்து ஏழு வீட்டுக்கும் கடைசியில் வைத்தார். ஒருநாள் கேட்டில் நின்று கேஸ் கம்பெனிக்காரனை போனில் இங்கிலீஷில் வைதேன், அன்றிலிருந்து முடுக்கு முழுவதற்கும் நான் டீச்சரம்மா. ஒரு பிள்ளைக்கும் நான் பாடம் நடத்தியதில்லை. அது மரியாதை இல்லை, கேலி என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நானும் அவர்கள் வாசல்களை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பேன், அதுவும் இரண்டு தரப்புக்கும் தெரியும்.

மூக்கைப் பொத்தக் காரணம் சபீனா. என் கேட்டை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. கருவாடு போடுகிறவள், மூன்று ஆடு வைத்திருக்கிறவள், அந்த மூன்றையும் என் கேட்டில்தான் கட்டுவாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் போன பிறகு, சாளையும் நெத்திலியும் காயவைத்து விற்றுக் கல் கல்லாகச் சேர்த்து அவள் கட்டிய வீடு அது, கதவு மட்டும் உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த தேக்கு. அந்தக் கதவை அவள் துடைக்கிற மாதிரி நான் என் வீட்டு மாதா சுரூபத்தைக்கூடத் துடைத்ததில்லை.

ஒரு மாசி மாத நடுப்பகலில் பெரிய ஆபீஸர் வந்தார். முடுக்கு நெடுக நடந்து வந்து, நிழல் என் வாசலில் மட்டும் இருந்ததால் என் கேட்டுக்கு முன்னால் நின்று, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, எனக்கு முதுகைக் காட்டி ஏழு வீட்டையும் பார்த்து வாயைத் திறந்தார். தமிழில் இரண்டு வரி நன்றாகத்தான் பேசினார். மூன்றாவது வரியில் இங்கிலீஷ் வந்தது. அன்இன்ஹாபிட்டபிலிட்டி என்றார். அந்த வார்த்தை மற்ற வார்த்தைகளைப் போல வாயை விட்டு வந்ததும் காற்றில் கரையாமல், வந்துகொண்டே இருந்தது, கூட்ஸ் வண்டி ரயில்வே கேட்டைக் கடக்கிற மாதிரி பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. தலை முதலில் வெளியேறி அவர் காலடியில், என் கேட்டுக்குக் குறுக்கே, மார்பளவு உயரத்துக்குத் தொப்பென்று விழுந்தது. பிறகு உடம்பு வந்தது, தலைமேல் வழிந்து இறங்கி, முடுக்கின் ஓரமாக ஊர்ந்து, ஒவ்வொரு வீட்டு வாசலாகத் தாண்டி, முடுக்கின் வாயில் இருந்த அடிபம்பு வரை போய் வாலை நீட்டிப் படுத்துக்கொண்டது. ஆபீஸர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வீடெல்லாம் தானாகக் காலியாகும், காலியானதும் இடிக்கிற மிஷினோடு வருவோம் என்றார். ஏழு வீட்டுக்காரர்களும் எப்போதும் எல்லா ஆபீஸருக்கும் சொல்வதைப் போல, என்ன ஏதென்று கேட்காமல், ஒரே குரலில், சரிங்கய்யா என்றார்கள்.

முதல் நாள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஈரச் சிமெண்டு நிறம், தொட்டால் மாட்டின் விலாவைப் போல வெதுவெதுப்பு, கிட்டப் போனால் முத்திரை மையும் புதுக் காகிதமும் கலந்த மணம். மறுநாள் பங்குச் சாமியார் வந்து சுற்றிப் பார்த்து, இது பாவத்திலும் சேராது புண்ணியத்திலும் சேராது என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தீர்த்தம் தெளித்து, திருவிழாவுக்கு ஸ்பீக்கர் வைக்க உயரம் தோதாக இருக்கிறது என்று மனசில் குறித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் ஆச்சரியம் இல்லை. சபீனா அதன் முதுகில் கருவாடு பரப்பினாள், வார்த்தையின் சூட்டில் மீன் மண் ஒட்டாமல் ஒரே பகலில் கலகலவென்று காய்ந்தது. ஆடுகள் அதன் நிழலில் அசை போட்டன. போட் இன்ஜின் மெக்கானிக் தொம்மை, முடுக்குக்கு நாட்டாமை மாதிரி நடந்துகொள்கிற ஆள், தன் கூட்டாளிகளோடு அதில் சாய்ந்து சீட்டாடினான். பெண்கள் அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு விலாவில் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு சடங்கு வீட்டுக்குச் சீரியல் பல்பு சுற்றினார்கள். இவ்வளவு நாளாக இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று பேசிக்கொள்கிற அளவுக்குப் போனது.

அவர்களுக்கு உடம்பு, எனக்குத் தலை. என் கேட் வெளிப்பக்கம் திறக்கிறது, திறக்க முடியவில்லை. கால்மணை போட்டு ஏறி, சேலையைத் தூக்கிச் செருகி, அந்தப் பக்கம் குதித்துத்தான் நான் கத்தரிக்காய் வாங்கப் போக வேண்டும், குதிக்கும்போது ஏழு வீட்டிலும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சிலிண்டர்காரன் ஒருதரம் தூக்கிக் கொடுத்தான், அடுத்த தரம் இடுப்பைக் காட்டி வலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வின்சென்ட் இரண்டு முழங்காலும் தேய்ந்த மனுஷர், தினமும் அதன் மேல் தவழ்ந்து வேலைக்குப் போய்த் தவழ்ந்து வந்தார், பழகிடும் என்றார். அவருக்கு எதுதான் பழகாது.

அந்த வார்த்தை என்ன சொல்கிறது என்று முடுக்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் எந்த நீள வார்த்தையையும் எங்களை முழுதாக விழுங்கவிட்டதில்லை. எழுந்து நின்று கைதட்டிப் பிரிக்க வேண்டும், மூச்சு எங்கே மடங்குகிறதோ அங்கே ஒரு தட்டு, தப்பாகத் தட்டினால் முட்டியில் ஸ்கேல். அப்படிப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய வார்த்தைக்குள்ளும் ஒரு சின்ன வார்த்தை சுருண்டு படுத்திருக்கும், முன்னால் ஒட்டினதும் பின்னால் ஒட்டினதும்தான் அதைப் பெரிய மனுஷனாக்கும். இதற்கும் அப்படித்தான். நடுவயிற்றில் குடியிருப்பு, வால் பக்கம் தகுதி, தலையில், என் கேட்டை மறித்துக் கிடந்த அந்தத் தலையில், இல்லை. மனுஷர் குடியிருக்கத் தகுதி இல்லை. இதை நான் கேட்டின் மேல் ஏறி நின்று சொன்னேன், ஏழு வீட்டையும் அது காலி பண்ணப்போகிறது, இப்போதே வெட்டி எறியுங்கள் என்றேன்.

தொம்மை சீட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நாங்கதான் இருக்கோம்லா, டீச்சரம்மா? இருக்கையிலே எப்படி இருக்க முடியாமப் போகும்?"

சபீனா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே அதனிடம் சொன்னாள்.

"அவ கேட்டு திறக்கணும். அதுக்கு நம்ம வயித்துல புளியக் கரைக்கா."

எக்கேடும் கெடுங்கள் என்று உள்ளே போய்விட்டேன். சொன்னதில் பொய் இல்லை, ஆனால் என் கேட்டும் திறக்க வேண்டும் என்பதிலும் பொய் இல்லை, அந்த இரண்டாவது உண்மை முதலாவதைத் தின்றுவிட்டது.

வார்த்தை அவசரப்படவில்லை. முதலில் எறும்புகள் ஏழு வீட்டிலிருந்தும் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறின. கோழிகள் கூட்டை விட்டுவிட்டு வார்த்தையின் அடியில் முட்டையிட்டன. வீட்டுக்குள் ஏற்றிய விளக்கு நிற்கவில்லை, உள்ளே வைத்த உலை கொதிக்கவில்லை, அதே பானையை வாசலுக்குக் கொண்டுவந்தால் தளதளவென்று கொதித்தது. அடுப்பை வெளியே கொண்டுவந்தார்கள், புகை உள்ளே அடையாது, இதுவும் நல்லதுதான் என்றார்கள். பிறகு வீடுகள் ஆட்களை வெளியே வைக்க ஆரம்பித்தன. காலையில் கண் விழித்தால் உள்ளே படுத்தவர்கள் முடுக்கில் கிடந்தார்கள், பாயோடும் தலையணையோடும், ஒரு கீறல் இல்லாமல், தூங்கின பிள்ளையைத் தொட்டிலில் மாற்றிப் போடுகிற பதனத்தோடு வீடு அவர்களை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தது. எழுந்து பாயைச் சுருட்டினார்கள். காத்தோட்டமா இருக்கு என்றார்கள். அதிலிருந்து வெளியிலேயே படுத்தார்கள், வெளியிலேயே சமைத்தார்கள், வெளியிலேயே துணி மாற்ற வார்த்தையின் ஓரமாகச் சேலையைத் திரை கட்டினார்கள். சொந்த வீடே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, அதற்கும் ஒரு சௌகரியம் கண்டுபிடிக்கிற ஜனம்.

கடைசியில் ஒருநாள் காலை சபீனாவின் தேக்குக் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது, தாழ்ப்பாள் விலகியது, கதவு திறக்கவில்லை. அவள் தோளால் முட்டினாள், தொம்மை தோளால் முட்டினான், கதவு சுவரோடு சுவராகக் கிடந்தது. உள்ளே அவள் புருஷன் படம் இருந்தது, சீலைகள் இருந்தன, அவள் ஆயுசு முழுவதும் இருந்தது. அவள் அழவில்லை. அந்தக் கதவை முந்தானையால் ஒருதரம் துடைத்தாள், கூடையைத் தூக்கினாள், நேரே வந்து என் கேட் தூணுக்கும் வார்த்தையின் தலைக்கும் நடுவில் இருந்த ஓர் ஆள் இடத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். அந்தப் புகையும் அந்தக் கருவாட்டு வாடையும் நேரே என் படுக்கையறைக்குள் வந்தன, என் தலையணை உறையில் ஏறின, நான் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நெத்திலி.

இரண்டு நாள் பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்கிற ஜாதி நான் இல்லை. நான் வெளியே வந்தது அவர்கள் மேல் இரக்கப்பட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் அவரவர் வீட்டுக்குள் போனால்தான் என் வீட்டுக்கு நிம்மதி.

நான் வருவதற்கு முன்பே ஆண்கள் முயற்சி பண்ணிவிட்டிருந்தார்கள். தொம்மை போட் கட்டுகிற இடத்திலிருந்து இரட்டைப் பிடி ரம்பம் கொண்டுவந்து, சரியாக நடுவில் அளந்து, எலும்பைப் பார்க்காமல் அறுத்தான். ரம்பம் பாதியில் சிக்கியது, வார்த்தை ஒரு பெருமூச்சு விட்டது, வெட்டுவாய் மூடிக்கொண்டது, காயம் ஆறின இடத்தில் வார்த்தை ஒரு முழம் கூடுதலாக நீண்டது. கண்ட இடத்தில் கை வைத்தால் ஆபீஸ் வார்த்தைகள் அப்படித்தான், நீளும்.

"கோழியத் தொடையில வெட்டுவியா, மூட்டுல வெட்டுவியா?" என்றேன். "தள்ளு."

சபீனாவிடம் மீன் வெட்டுகிற கத்தியைக் கேட்டேன். கொடுத்தாள், பிடியை அவள் பக்கம் வைத்துக்கொண்டு அலகை என் பக்கம் நீட்டிக் கொடுத்தாள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வார்த்தையின் தலைமாட்டில் நின்று, சிஸ்டர் பெர்னதெத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்திக் கைதட்டினேன். அன், ஒரு தட்டு. தலைக்குப் பின்னால் கழுத்தைப் போல ஒரு மடிப்பு விழுந்தது. இன். ஹாப். இட். தட்டத் தட்ட நான் முடுக்கு நெடுக நடந்தேன், என் பின்னாலேயே மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டு வந்தது, பெண்கள் பேன் சீப்பைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். அ. பில். இ. அடிபம்பு பக்கத்தில் வாலுக்கு ஒரு தட்டு, ட்டி. திரும்பி வந்து கத்தியை எடுத்துக் கழுத்து மடிப்பில் வைத்தேன், பழுத்த பூசணியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒவ்வொரு மடிப்பாக வெட்டினேன். தலை ஒரு துண்டு, உடம்பு ஏழு துண்டு. வார்த்தை முனகக்கூட இல்லை. அதற்கும் ஒருத்தி ஒழுங்காகப் பிரித்துவிட்டால் போதும் என்று இருந்திருக்கும்.

அப்போது தெற்குக் கோடியிலிருந்து யாரோ பாய் கொண்டுவந்து விரித்தார்கள். பெரிய திருக்கையோ சுறாவோ ஒரு வீட்டால் வாங்க முடியாத அளவுக்கு வந்தால் முடுக்கே சேர்ந்து வாங்கி வெட்டிக் கூறு போடும், அது அவர்கள் வழக்கம், நான் என் கேட்டுக்குள்ளிருந்து பார்த்ததுதான், கலந்துகொண்டதில்லை, நான் மார்க்கெட்டில் கழுவி வெட்டின மீன் வாங்குகிறவள். ஏழு துண்டையும் பாயில் வரிசை வைத்தார்கள். வீட்டுக்கு ஓர் அடையாளம் போட்டார்கள், ஒருத்தி சோழி, ஒருத்தி துணி கிளிப், தொம்மை ஒரு ஸ்பார்க் பிளக், சபீனா அந்தத் திறக்காத கதவின் சாவி. எது யாருடையது என்று பார்க்காத ஒருத்தரைக் கூப்பிட்டு அடையாளங்களைத் துண்டுகளின் மேல் வைக்கச் சொன்னார்கள். கூறு விழுந்தது. சபீனாவுக்கு வால்.

தலை என் கேட்டிலேயே கிடந்தது. அதை உருட்டிக் கடலில் தள்ளச் சொன்னேன், அது இல்லை என்கிற துண்டு, அது யார் வீட்டுக்கும் ஆகாது என்றும் சொன்னேன்.

சபீனா சாவியைப் பொறுக்கி இடுப்பில் செருகினாள். "வெட்டினவளுக்குத் தலை. அதான் முறை."

வேண்டாம் என்றேன்.

"வாங்காட்டி எங்க கூறும் இங்கேயே கிடக்கட்டும். ஓசிக்கு வெட்டி வாங்குற வீடு இந்த முடுக்குல இல்ல."

ஏழு வீட்டுக்காரர்களும் பாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு நன்றி பாக்கி வைத்துக்கொள்வதைவிட வீதியில் கிடந்து சாவது மேல் என்று அத்தனை பேர் முகத்திலும் எழுதியிருந்தது. அவர்களிடம் பயந்துபோய்த் தலையை விட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு எனக்கு மட்டும் எதற்கு? வின்சென்ட்டைக் கூப்பிட்டேன், இரண்டு பேருமாக அந்தத் தலையைப் புரட்டிக் கேட்டுக்குள் தள்ளி, சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அன்று சாயங்காலமே சபீனாவின் கதவு தொட்டதும் திறந்தது. எறும்புகள் முட்டையோடு திரும்பின, உலை உள்ளே கொதித்தது, ஆட்கள் படுத்த இடத்திலேயே விழித்தார்கள். தலையில்லாத வார்த்தை அதன்பிறகு குடியிரு, தகும் என்பதைத் தவிர வேறு எதைச் சொல்லும்? கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கிடைத்தது. தொம்மை அவன் துண்டை இன்ஜினுக்கு முட்டுக்கொடுத்தான், ஒருத்தி அதில் உட்கார்ந்து துணி துவைத்தாள், சபீனா காற்றுக்குக் கதவு சாத்தாமல் இருக்க வாலை அண்டை கொடுத்தாள். ஒரு வாரம் ஆகவில்லை, ஒண்ணுமில்லாததுக்கு இந்தப் பொம்பளை என்ன கூத்துக் கட்டினா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் கேட் திறந்தது. சபீனா மறுபடியும் அதில் ஆட்டைக் கட்டினாள்.

பிறகு என் வீட்டு எறும்புகள் கிளம்பின. குக்கர் விசில் அடிக்கவில்லை. மாவு புளிக்கவில்லை. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் கட்டிலில் என் பக்கத்தில் ஆள் இல்லை, வின்சென்ட் கேட்டுக்கு வெளியே சபீனாவின் ஆட்டுக்குப் பக்கத்தில், தலையணையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். காத்தோட்டமா இருக்கு என்றார். மறுநாள் நானும் அங்கேதான் விழித்தேன். தலையை வெளியே தள்ளப் பார்த்தோம், இரண்டு பேராக உள்ளே கொண்டுபோனது பத்துப் பேருக்கும் அசையாது போல் இருந்தது. பத்துப் பேரைக் கூப்பிட நான் யார் வாசலுக்குப் போவேன்? அதன்பிறகு கதவு சாத்திக்கொண்டது. பீரோவில் இருந்த பட்டாவை மட்டும் ஜன்னல் கம்பி வழியாகக் கரண்டிக் காம்பால் இழுத்து எடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலிலேயே நான் உட்கார்ந்திருந்ததை ஏழு வீடும் பார்த்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

ஆபீஸர் மிஷினோடு வந்த அன்று முடுக்கு நிறைய ஆள் இருந்தார்கள், அடுப்பு எரிந்தது, கொடியில் துணி காய்ந்தது. ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார், குடியிருக்கத் தகாதது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. தன் வார்த்தையைத் தேடிக்கொண்டே முடுக்கின் கோடிக்கு வந்தார். சாத்தின கதவையும் வாசலில் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். இந்த வீடுதான் என்றார். பட்டாவைக் காட்டினேன். அது மண்ணுக்கு, இது வீட்டுக்கு என்றார், பின்னால் திரும்பி, அம்மா சாமானை எடுக்க ஒத்தாசை பண்ணுங்க என்றார். ஏழு வீட்டுக்காரர்களும் வழக்கம்போல், சரிங்கய்யா என்றார்கள். மிஷின் என் வேம்பின் ஒரு கிளையை முறித்துக்கொண்டு என் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

அப்போது சபீனா வந்தாள், மீன் செதிலோடு கையில் அதே கத்தி. ஆபீஸரைப் பார்க்கவில்லை, என் முன்னால் வந்து நின்றாள்.

"கூறு வாங்கி எத்தனை நாளாச்சு? குழம்பு எங்க?"

எனக்குப் புரியவில்லை. என்ன குழம்பு என்றேன்.

அவள் முடுக்கைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "தலை வாங்கினவ குழம்பு வச்சு வீட்டுக்கு ஒரு கரண்டி ஊத்தணும். பாதி முறையத் தெரிஞ்சுக்கிட்டுத் தலையத் தூக்கிட்டு உள்ள போய்ட்டா. முழுத் தலைய ஒருத்தி திம்பாளாக்கும்? கான்வென்ட்ல இதத்தான் படிச்சியா?"

"அதைப் பிரிக்க முடியாது," என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு தட்டுத்தான் அது. ஒரு தட்டு உள்ளதைப் பிரிக்கக் கூடாது. ஸ்கேலால அடி விழும்."

"உன் சிஸ்டர் மீன் தலை வெட்டிருக்காளா?"

என் சமையலறை ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டாள். நானும் வின்சென்ட்டும் அசைக்க முடியாத தலையை ஏழு வீட்டுக் கையும் கூடி, கயிறு போட்டு, என்னை வாய் நிறைய ஏசிக்கொண்டே ஜன்னலை நோக்கி இழுத்தார்கள், ஜன்னல் கம்பியோடும் சட்டத்தோடும் பெயர்ந்து வந்தது. அதைத் துணி துவைக்கிற கல்லில் வைத்தாள். நான் மடிப்பைத் தேடினேன், மடிப்பு இல்லை. சபீனா மடிப்பைத் தேடவில்லை. கத்தியைத் திருப்பி முதுகால் ஒரு போடு போட்டாள், தலை நண்டு ஓடு மாதிரி நொறுங்கியது.

புளி என் வீட்டுப் புளி, உள்ளே கை விட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தேங்காய் தொம்மை வீட்டுத் தேங்காய். அவள் மூட்டிய மூன்று கல் அடுப்பில், ஆபீஸர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மிஷின் உறுமிக்கொண்டு நிற்க, வாழ்க்கையில் முதல் முறையாக நான் தலைக்குழம்பு வைத்தேன், உப்பு கூடிவிட்டது என்று கொதிக்கும்போதே நாலு பேர் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். வின்சென்ட்டுக்கு ஊற்றினேன். ஆபீஸருக்கு நீட்டினேன், வெளியில் சாப்பிடுவதில்லை என்றார். மிஷின் ஓட்டுகிறவர், காதோரம் நரைத்த மனுஷர், காலையிலிருந்து சாப்பிடாதவர், மேலே இருந்தபடியே டிபன் மூடியை நீட்டினார், அவருக்கும் ஊற்றினேன்.

ஆபீஸர் பொறுமை இழந்து, ம், சாமானை வெளியே எடுங்க என்றார். தொம்மை வாயைத் துடைத்துக்கொண்டு, சரிங்கய்யா சொல்ல வாயைத் திறந்தான்.

"இல்ல," என்று வந்தது.

அவனே உதட்டைத் தொட்டுப் பார்த்தான். ஆபீஸர் அடுத்தவளைப் பார்த்தார், அவள் வாயிலிருந்தும் அதுதான் வந்தது, சோழி போட்டவள், கிளிப் போட்டவள், எல்லார் வாயிலிருந்தும் சின்னதாக, ஒரு மீன் முள் அளவுக்கு, ஒரு இல்ல. தேய்ந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு வின்சென்ட் எழுந்து நின்று ஓர் இல்ல சொன்னார், கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. நான் இங்கிலீஷில் நாலு சொல்ல வாயெடுத்தேன், எனக்கும் அதுவேதான் வந்தது. ஆபீஸர் தன் வாயிலிருந்து விழுந்ததுதான் ஏழெட்டு வாயில் திரும்பி வருகிறது என்று கண்டுகொண்டாரோ என்னவோ, மேலே பார்த்து, வண்டியை எடுப்பா, இடி என்றார். மிஷின்காரர் டிபன் மூடியை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றார்.

அவர்கள் பின்னோக்கித்தான் போக வேண்டியிருந்தது, அந்த முடுக்கில் திரும்ப இடம் கிடையாது. என் வீட்டுக் கதவு கிறீச்சென்று தானாகத் திறந்துகொண்டது. ஒருத்தரும் கைதட்டவில்லை. பானையைக் கழுவித் தராமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் சட்டத்தைத் திருப்பி மாட்டக்கூட யாரும் வரவில்லை.

மறுநாள் காலை கத்தரிக்காய் வாங்கக் கிளம்பினேன். கேட்டில் ஆடு கட்டியிருந்தது. சபீனா தேக்குக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் கத்துவேன், அவள் முனகிக்கொண்டே வந்து அவிழ்ப்பாள், இத்தனை வருஷமும் அப்படித்தான். ஆட்டை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டு என்றேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள், நிதானமாக என் பக்கம் திரும்பினாள், கிடைத்ததை அதுவரை செலவழிக்காமல் இதற்காகவே வாயில் ஒதுக்கி வைத்திருந்தவள் மாதிரி என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இல்ல."

அந்த ஒரு தட்டில் என் வீட்டுப் புளி மணத்தது.